முடிந்த பக்கத்தின் மேல் ஒரு வரி: உரை பதிக்கும் மென்பொருளுக்குக் கையேடு எழுதும் முறை

ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 120 பக்கங்கள் கொண்ட பிடிஎஃப் கோப்பு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் கணினியில் தட்டச்சு செய்த மனு இருக்கிறது, ஸ்கேன் செய்த கிரயப் பத்திரம் இருக்கிறது, கைப்பேசியில் படமெடுத்துச் சேர்த்த ரசீதுகளும் இருக்கின்றன. தாக்கல் செய்வதற்கு முன்னால் எல்லாப் பக்கங்களிலும் 1 முதல் 120 வரை தொடர் எண் இட்டாக வேண்டும். மூலக் கோப்புகளைத் திறந்து எண்ணைச் சேர்க்க வழியில்லை, ஏனெனில் பாதிப் பக்கங்களுக்கு மூலக் கோப்பே கிடையாது. ஏற்கெனவே முடிந்துபோன பக்கத்தின் மேல் ஒரு சிறு வரியைப் பதிப்பதுதான் மிஞ்சும் வழி. தட்டச்சு செய்யும் கட்டளைகளால் இயங்கும் சிபிடிஎஃப் போன்ற கட்டளைவரிக் கருவிகள் இந்த வரியை நேரடியாகவே பதிக்கின்றன. பிடிஎஃப்டிகே, கியூபிடிஎஃப் ஆகியவை எழுத்துள்ள இன்னொரு பக்கத்தை மேலே அடுக்கி அதே பலனைத் தருகின்றன. நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்குப் பைமுபிடிஎஃப் போன்ற நூலகங்கள் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) இருக்கின்றன.

இந்தக் கட்டுரை அத்தகைய கருவி ஒன்றுக்குக் கையேடு எழுத முன்வரும் புதியவருக்கானது. 'டாக்குமென்டேஷன்' என்பதை ஆவணப்படுத்தல் என்று சொல்வது வழக்கம்தான். ஆனால் இங்கே கருவி கையாளும் பொருளே ஆவணம் என்பதால், குழப்பத்தைத் தவிர்க்கக் கையேடு என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன்.

பக்கங்களில் எண் பதிக்கும் வேலை கணினிக்கு முந்தையது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எட்வின் பேட்ஸ் என்ற அமெரிக்கர் தானியங்கி எண்ணிடும் இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அதன் எண் சக்கரம் தானாக ஒன்று கூடும். அமெரிக்கச் சட்ட அலுவலகங்களில் ஆவணங்களுக்கு இடப்படும் தொடர் எண்ணுக்கு இன்றும் பேட்ஸ் எண் என்றே பெயர். சிபிடிஎஃப் கருவியிலும் அந்தப் பெயரிலேயே ஒரு வசதி இருக்கிறது. நம் ஊர் அலுவலகங்களில் நம்பரிங் மிஷின் என்று வழங்கிய இரும்புக் கருவியும் இதே இனம்தான். அந்த இயந்திரத்துக்குப் பெரிய கையேடு எதுவும் தேவைப்படவில்லை. அதைப் பிடித்திருப்பவருக்குத் தாள் கண்ணெதிரே இருக்கிறது. எந்த மூலை காலியாக இருக்கிறது, தாள் தலைகீழாக இருக்கிறதா, மை ஒட்டுமா என்பதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் அவர் அழுத்துகிறார்.

மென்பொருளில் இந்தப் பார்வை இல்லை. பயனர் எண்களைத் தட்டச்சு செய்கிறார்; கருவி அந்த எண்களைத் தன் கணக்கில் புரிந்துகொண்டு 120 பக்கங்களிலும் ஒரே மூச்சில் பதித்துவிடுகிறது. பயனர் மனதில் வைத்திருக்கும் பக்கமும் கருவி கணக்கிடும் பக்கமும் பல இடங்களில் வேறுபடுகின்றன. ஆகவே, கருவிக்குப் பக்கம் எப்படித் தெரிகிறது என்பதை முதலில் விளக்காமல் கட்டளையுடன் கொடுக்கும் விருப்பங்களை ('ஆப்ஷன்'களை) மட்டும் பட்டியலிடும் கையேடு, அந்தப் பட்டியல் எவ்வளவு முழுமையாக இருந்தாலும் பயனரைக் கைவிட்டுவிடுகிறது என்பதே என் உறுதியான கருத்து. இதை நான் சொந்த அனுபவத்தில் கற்றேன். ஓர் அலுவலகத்தின் உள்பயன்பாட்டுக்கான சிறு கருவிக்கு முதன்முதலாகக் கையேடு எழுதியபோது, எல்லா விருப்பங்களையும் அகர வரிசையில் அடுக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம் கொடுத்தேன். ஒன்றும் விடுபடவில்லை. ஆனால் கையேடு வெளியான அன்றே வந்த முதல் கேள்வி, "கட்டளை பிழையில்லாமல் ஓடியது, ஆனால் எழுத்தைக் காணோமே, ஏன்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கான விடை நான் எழுதிய எந்த வரியிலும் இல்லை.

கருவி பார்க்கும் பக்கம்

பிடிஎஃப் வடிவத்தை அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்டது. 2008இல் அது ஐஎஸ்ஓ 32000 என்ற பன்னாட்டுத் தரமானது. எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் அச்சிட்டாலும் பக்கம் ஒரே தோற்றத்தில் இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதற்காக, ஒவ்வொரு பக்கமும் வரைதல் கட்டளைகளின் தொகுப்பாகச் சேமிக்கப்படுகிறது: இந்த எழுத்துருவை எடு, இந்த இடத்துக்குப் போ, இந்த எழுத்துகளை வரை, இங்கே கோடு இழு என்ற வகையில். வேர்டு கோப்பில் உள்ளதுபோல, எழுத்தைச் சேர்த்தால் மற்றவை நகர்ந்து இடம்விடும் ஏற்பாடு அங்கே இல்லை. உரை பதிக்கும் கருவி செய்வதெல்லாம் அந்தக் கட்டளைத் தொகுப்பின் முடிவில் இன்னும் சில கட்டளைகளைச் சேர்ப்பதுதான்.

இந்த ஒரு செய்தியிலிருந்து புதியவருக்குத் தேவையான பல விடைகள் கிடைக்கின்றன. கடைசியாக வரையப்படுவது மேலே தெரியும் என்பதால், புதிய வரி பழைய எழுத்தின் மீதே விழுந்து இரண்டையும் படிக்க முடியாமல் செய்யலாம். பழைய உரை விலகி வழிவிடாது. புதிய வரியை முதலில் வரையச் சொன்னால் அது பழைய உரைக்கு அடியில் போகும். நீர்க்குறி பதிக்க இது பொருத்தமானது. ஆனால் ஸ்கேன் செய்த பக்கத்தில், பக்கம் முழுவதையும் மூடும் ஒரே படம் இருப்பதால், அடியில் வரைந்த எழுத்து அந்தப் படத்துக்குப் பின்னால் மறைந்துபோகும். "எழுத்தைக் காணோமே" என்ற கேள்விக்கு இது ஒரு காரணம். கையேட்டின் முதல் பக்கத்திலேயே இதைச் சொல்லிவிட்டால் பாதிக் கேள்விகள் எழவே எழா.

அடுத்தது அளவு. பிடிஎஃப் பக்கத்தின் இயல்பான அலகு பாயிண்ட். ஓர் அங்குலத்துக்கு 72 பாயிண்டுகள். ஏ4 தாள் ஏறத்தாழ 595 பாயிண்ட் அகலமும் 842 பாயிண்ட் உயரமும் உடையது. ஒரு சென்டிமீட்டர் 28 பாயிண்டுக்குச் சற்று அதிகம். கையேட்டில் அலகைக் குறிப்பிடாமல் "கீழ் விளிம்பிலிருந்து 10" என்று எழுதினால், மில்லிமீட்டரில் சிந்திக்கப் பழகிய நம் வாசகர் அதை ஒரு சென்டிமீட்டராகவே எடுத்துக்கொள்வார். உண்மையில் அது மூன்றரை மில்லிமீட்டர்தான். மேசை அச்சுப்பொறிகள் பலவும் தாளின் விளிம்பை ஒட்டிய சில மில்லிமீட்டர்களில் மை படியவிடுவதில்லை என்பதால், திரையில் தெளிவாகத் தெரிந்த பக்க எண் தாளில் பாதி வெட்டுப்பட்டு வரும். அலகை ஒருமுறை சொன்னால் போதும் என்று எண்ணக்கூடாது. எண் வரும் ஒவ்வோர் இடத்திலும் பக்கத்திலேயே பாயிண்ட் என்ற சொல்லும் வர வேண்டும், ஏனெனில் கையேட்டை யாரும் முதலிலிருந்து படிப்பதில்லை. தேடி வந்த இடத்தைப் படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எந்த மூலையிலிருந்து அளக்கிறோம் என்பது அலகைவிடப் பெரிய சிக்கல். பிடிஎஃப் தரத்தின்படி தொடக்கப்புள்ளி பக்கத்தின் இடது கீழ் மூலை. உயர அளவு மேல்நோக்கிக் கூடும். பள்ளியில் வரைபடத்தாளில் கற்ற முறை இதுதான். ஆனால் திரைக்கு நிரல் எழுதியவர்கள் இடது மேல் மூலையிலிருந்து கீழ்நோக்கி எண்ணப் பழகியவர்கள். கருவிகளும் இந்த இரு வழக்கங்களுக்கிடையே பிரிந்து நிற்கின்றன. பைத்தான் மொழியில் ரிப்போர்ட்லேப் நூலகம் இடது கீழ் மூலையைத் தொடக்கமாகக் கொள்கிறது, பைமுபிடிஎஃப் நூலகம் இடது மேல் மூலையைக் கொள்கிறது. ஏ4 தாளில் மேலிருந்து 40 பாயிண்டில் எழுத்து வர வேண்டுமானால் பைமுபிடிஎஃபில் 40 என்றே கொடுக்கலாம். ரிப்போர்ட்லேபில் 842இலிருந்து 40ஐக் கழித்து 802 என்று கொடுக்க வேண்டும். ஒன்றில் பழகியவர் மற்றொன்றுக்கு மாறும்போது தலைப்பில் வர வேண்டிய வரி பக்கத்தின் அடியில் போய் நிற்கும். இந்த இடத்தில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சொற்கள் மட்டும் போதா. ஒரு செவ்வகம், அதன் ஒரு மூலையில் சுழியம், இரண்டு அம்புக்குறிகள், விளிம்புகளில் 595, 842 என்ற எண்கள் ஆகியவை கொண்ட சிறு படம் ஒன்று ஒரு பக்க விளக்கத்துக்கு ஈடாகும்.

மூலையைச் சொன்ன பிறகும் ஒரு சந்தேகம் நிற்கும்: கொடுத்த புள்ளியில் எழுத்தின் எந்தப் பகுதி அமரும்? பெரும்பாலான கருவிகளில் அந்தப் புள்ளி எழுத்துகள் அமரும் கோட்டைக் குறிக்கிறது. நான்கு கோட்டு நோட்டில் எழுத்தின் உடல் உட்காரும் கோட்டைப்போல இதை நினைத்துக்கொள்ளலாம். 'மு', 'கு', 'ழ' போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதி அந்தக் கோட்டுக்குக் கீழே தொங்கும். சிபிடிஎஃபில் "மேலே 10" என்று கொடுத்தால், மேல் விளிம்பிலிருந்து 10 பாயிண்ட் கீழே அந்தக் கோடு அமைகிறது, எழுத்தின் உச்சி அங்கே தொடங்குவதில்லை. 24 பாயிண்ட் அளவுள்ள தலைப்பை அந்த இடத்தில் வைத்தால் அதன் மேற்பகுதி பக்கத்துக்கு வெளியே போய்விடும். கோட்டுக்குப் பதிலாக எழுத்தின் நடுவையோ உச்சியையோ அந்தப் புள்ளியில் நிறுத்தும் விருப்பங்களும் அக்கருவியில் உள்ளன. ஆனால் இயல்புநிலை எது என்று தெரியாதவருக்கு மாற்று வழி இருப்பது மட்டும் உதவாது.

இனி, மேலே சொன்ன வழக்கறிஞர் அலுவலகக் கோப்பில் நிச்சயமாகத் தலைகாட்டும் ஒரு தொல்லைக்கு வருகிறேன். ஒவ்வொரு பிடிஎஃப் பக்கத்துடனும் சுழற்சிக் குறிப்பு ஒன்று இருக்கலாம்: 0, 90, 180, 270 டிகிரி. ஸ்கேனரில் குறுக்காக வைத்த தாள் குறுக்காகவே சேமிக்கப்பட்டு, "காட்டும்போது 90 டிகிரி வலப்பக்கமாகத் திருப்பிக் காட்டு" என்ற குறிப்பு மட்டும் சேர்க்கப்பட்டிருக்கும். நாம் பார்க்கும்போது பக்கம் நேராகத்தான் தெரிகிறது. ஆனால் கருவி திருப்புவதற்கு முந்தைய பக்கத்தில் கணக்கிட்டால், அடிப்பகுதியின் நடுவில் பதிக்கச் சொன்ன எண் நம் கண்ணுக்கு இடது விளிம்பில், மேலிருந்து கீழாகப் படுத்தபடி தெரியும். 120 பக்கங்களில் 9 பக்கங்கள் மட்டும் இப்படி ஆகும்போது, பயனர் கருவியில்தான் கோளாறு என்று முடிவு செய்கிறார். சிபிடிஎஃபில் இதற்கென்றே ஒரு விருப்பம் உண்டு. அது தோற்றத்தை மாற்றாமல் பக்கத்தை முதலில் நேராக்கிவிட்டு, பிறகு எழுத்தைப் பதிக்கிறது. உங்கள் கருவியில் அத்தகைய வசதி இருந்தால், அதை விருப்பப் பட்டியலின் நடுவில் புதைத்துவிடாமல், "எழுத்து பக்கவாட்டில் விழுந்தால்" என்ற தலைப்பின் கீழ் கொண்டுவாருங்கள். பயனருக்குத் தெரிந்தது விழுந்த எழுத்துதான், சுழற்சிக் குறிப்பு என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. அவர் தேடும் சொல்லில்தான் விடை இருக்க வேண்டும்.

பக்கத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எல்லைகள் உண்டு என்பதையும் குறிப்பிட வேண்டும். முழுத் தாளின் எல்லை ஒன்று. திரையில் காட்டுவதற்காக வெட்டிய எல்லை இன்னொன்று. அச்சகத்துக்கான கோப்புகளில் இதற்கும் மேல் சில எல்லைகள் இருக்கும். கருவி முழுத் தாளின் அடியிலிருந்து அளந்து எழுத்தைப் பதித்தால், அது வெட்டிய எல்லைக்கு வெளியே விழுந்து கண்ணுக்கே தெரியாமல் போகலாம். காணாமல்போன எழுத்துக்கு இது இன்னொரு காரணம். எந்த எல்லையிலிருந்து அளக்கப்படுகிறது, அதை மாற்ற முடியுமா என்று இரண்டு வரிகளில் சொன்னால் போதும்.

விருப்பங்களை விவரிக்கும் முறை

பக்கத்தை விளக்கிய பிறகே விருப்பங்கள். டேனியலே ப்ரோசிடா என்பவர் வகுத்த டியாடாக்சிஸ் என்ற முறை, கையேட்டு எழுத்தை நான்கு வகையாகப் பிரிக்கிறது: கைப்பிடித்துக் கற்றுத்தரும் பாடம், குறிப்பிட்ட வேலையை முடிக்க உதவும் செய்முறை, பார்த்துத் தெரிந்துகொள்வதற்கான விவரத்தொகுப்பு, ஏன் என்று புரியவைக்கும் விளக்கம். சிறு கருவிக்கு நான்கையும் தனித்தனி நூலாக எழுதத் தேவையில்லை. ஆனால் ஒரே பத்தியில் நான்கையும் கலக்கக்கூடாது என்ற எச்சரிக்கை மிகவும் பயனுள்ளது. பக்க எண் இடுவதற்கான செய்முறையை வாசித்துக்கொண்டிருப்பவரை இடையில் நிறுத்தி, வண்ணத்தைக் குறிப்பிடும் மூன்று முறைகளை விவரித்தால், அவர் தாம் செய்துகொண்டிருந்த வேலையை மறந்துவிடுவார்.

விவரத்தொகுப்பில் ஒவ்வொரு விருப்பத்துக்கும் என்ன எழுத வேண்டும்? அது என்ன செய்கிறது என்பதை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். எந்த அலகில் மதிப்பை ஏற்கிறது, மதிப்பு கொடுக்காவிட்டால் என்ன ஆகும், எந்த விருப்பத்துடன் மோதும், பொருந்தாத மதிப்பைக் கொடுத்தால் பிழைச்செய்தி வருமா அல்லது மௌனமாக விட்டுவிடுமா ஆகியவைதான் விடுபடுகின்றன. எடுத்துக்காட்டாக, எழுத்தின் அளவைக் குறிக்கும் விருப்பத்துக்கு "எழுத்துரு அளவு" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவதற்குப் பதிலாக, இப்படி எழுதலாம்: "பதிக்கும் எழுத்தின் அளவு, பாயிண்டில். கொடுக்காவிட்டால் 12 பாயிண்ட். இந்த அளவில் வரி பக்கத்தின் அகலத்தைத் தாண்டினால் கருவி வரியை மடிக்காது. மிஞ்சும் எழுத்துகள் பக்கத்துக்கு வெளியே போகும்." இந்த மூன்றாவது வாக்கியத்தை எழுத நீங்கள் கருவியை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். நிரலை வாசித்து மட்டும் எழுதுபவருக்கு அந்தக் கேள்வி தோன்றவே தோன்றாது.

சிட் ஸ்டீவார்ட் உருவாக்கிய பிடிஎஃப்டிகே கருவியின் கையேட்டை இதற்கு நல்ல முன்மாதிரியாகக் காட்டுவேன். அது மிகச் சிறியது, அலங்காரம் எதுவும் இல்லாதது. ஆனால் பின்னணிப் பக்கம் ஒன்றை அடியில் வைக்கும் கட்டளையை விவரிக்கும் இடத்தில், அந்தப் பின்னணிக் கோப்பின் முதல் பக்கம் மட்டுமே எல்லாப் பக்கங்களுக்கும் பயன்படும் என்றும், அது உள்ளீட்டுப் பக்கத்தின் அளவுக்கேற்பச் சுருக்கவோ திருப்பவோ படும் என்றும் சொல்கிறது. உள்ளீட்டுப் பக்கம் ஸ்கேன் செய்ததாக இருந்தால் பின்னணி தெரியாது, அதற்குப் பதிலாக மேலே முத்திரை வைக்கும் கட்டளையைப் பயன்படுத்துக என்றும் அங்கேயே வழிகாட்டிவிடுகிறது. பல பக்கங்கள் கொண்ட முத்திரைக் கோப்பை ஒன்றுக்கொன்று பொருத்தும் கட்டளையில், முத்திரைக் கோப்பின் பக்கங்கள் தீர்ந்துபோனால் அதன் கடைசிப் பக்கமே மீதிப் பக்கங்களுக்கெல்லாம் மீண்டும் வரும் என்ற ஒரு வாக்கியம் இருக்கிறது. பயனர் கேட்கப்போகும் கேள்வியை முன்கூட்டியே கேட்டு விடை சொல்லிவிட்ட வாக்கியம் அது. பைமுபிடிஎஃப் கையேட்டிலும் இப்படி ஒன்று உண்டு. ஒரு கட்டத்துக்குள் உரையை நிரப்பும் செயற்கூறு ('ஃபங்ஷன்'), உரை கட்டத்தில் கொள்ளாவிட்டால் எதையுமே எழுதாமல் எதிர்மறை எண் ஒன்றைத் திருப்பி அனுப்பும் என்று அது தெளிவாகச் சொல்லிவிடுகிறது. இதைப் படிக்காதவர் வெற்றுப் பக்கத்தைப் பார்த்து மணிக்கணக்கில் திகைப்பார்.

மாறும் உரைகள் தனிக் கவனம் கேட்பவை. பக்க எண், மொத்தப் பக்கம், தேதி போன்றவை பக்கத்துக்குப் பக்கம் அல்லது நாளுக்கு நாள் மாறுவதால், கருவிகள் அவற்றுக்குக் குறியீட்டுச் சொற்களை வைத்திருக்கின்றன. சிபிடிஎஃபில் அவை விழுக்காட்டுக் குறியுடன் தொடங்குகின்றன. அப்படியானால் "10% தள்ளுபடி" என்றே பதிக்க விரும்புபவர் என்ன செய்வது? குறியை இருமுறை இட வேண்டும் என்பது விடை. அதோடு, விண்டோஸ் கணினியில் கட்டளைகளைத் தொகுப்புக் கோப்பில் ('பேட்ச் ஃபைல்') எழுதி ஓட்டினால், அந்தக் கோப்பே விழுக்காட்டுக் குறியைத் தனக்கான அடையாளமாக எடுத்துக்கொள்ளும். அங்கே இன்னொரு முறை இரட்டிக்க வேண்டிவரும். கருவியின் எல்லைக்கு வெளியே நடப்பது என்று இதை ஒதுக்கிவிடலாகாது, பயனருக்கு அந்த எல்லை தெரியாது. பக்க எண் என்பதும் ஒரே பொருள் உடையது அன்று. முன்னுரைக்கு ரோமன் எண்ணும் நூலுக்கு 1இலிருந்து எண்ணும் கொண்ட கோப்பில், 9ஆவது தாளின் பெயர் 1 ஆக இருக்கலாம். குறியீட்டுச் சொல் தாள்களை எண்ணித் தருகிறதா, கோப்பில் எழுதிவைத்த பெயரைத் தருகிறதா என்று கையேடு பிரித்துச் சொல்ல வேண்டும்.

தமிழ் வரியைப் பதிக்கும்போது

தமிழில் கையேடு எழுதுபவர் தவிர்க்கவே கூடாத பகுதி இது. பிடிஎஃப் தரம் தொடக்கத்திலிருந்தே 14 எழுத்துருக்களை எல்லா மென்பொருள்களும் அறிந்திருக்கும் என்று வைத்துக்கொண்டது: டைம்ஸ், ஹெல்வெட்டிகா, கூரியர் ஆகியவற்றில் நான்கு வடிவங்கள் வீதம் 12, அவற்றுடன் சிம்பல், சாப்ஃப் டிங்பேட்ஸ் என்ற குறியீட்டு எழுத்துருக்கள் இரண்டு. இவற்றில் தமிழ் எழுத்துகள் இல்லை. கருவியின் இயல்பான எழுத்துரு இவற்றுள் ஒன்றாக இருந்தால், "பக்கம் 1" என்று கொடுத்தவருக்கு எண் மட்டும் வரும், அல்லது கேள்விக்குறிகளோ கட்டங்களோ வரும். தமிழ் எழுத்துருக் கோப்பைக் கருவிக்குக் காட்டி, அதை வெளியீட்டுக் கோப்புக்குள்ளேயே பொதிக்க வேண்டும்.

எழுத்துருவைக் கொடுத்துவிட்டாலும் வேலை முடிவதில்லை. யூனிகோடில் 'கொ' என்பது 'க', அதைத் தொடர்ந்து ஒகரக் குறி என்று இரண்டு குறியெண்களாகச் சேமிக்கப்படலாம். வரையும்போது ஒற்றைக்கொம்பு, க, கால் என்று மூன்று உருவங்கள் வேண்டும், அதிலும் கொம்பு முன்னால் வர வேண்டும். 'கு', 'து', 'மு' ஆகியவற்றில் உகரம் மெய்யுடன் இணைந்து வெவ்வேறு வடிவம் எடுக்கிறது. இந்த மாற்றங்களைச் செய்வதற்கு ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து வடிவாக்க நிரல் தேவை. குறியெண்களை வந்த வரிசையில் அப்படியே வரைந்துவிடும் கருவியில் 'கை' என்பதன் சங்கிலிக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். நம் மொழியின் எழுத்து சிதைந்து அச்சேறுவதைப் பார்ப்பது வேதனை தரும் காட்சி. அதுவும் ஒரு சான்றிதழில் அல்லது தீர்ப்பு நகலில் என்றால் அது வேதனையோடு நிற்பதில்லை. ஆகவே கருவி தமிழைச் சரியாக வரைகிறதா என்பதை, எழுதுபவரே "கையொப்பம்", "மொழிபெயர்ப்பு", "தீர்ப்புத் தொகுதி" போன்ற சொற்களைப் பதித்துச் சோதித்து, முடிவைப் படத்துடன் கையேட்டில் இட வேண்டும். பதித்த வரியை அடோபியின் அக்ரோபேட் மென்பொருளில் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறதா, நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் சரியான தமிழாக வருகிறதா என்பவற்றையும் பார்க்க வேண்டும். உருவம் சரியாக இருந்தும் தேடலில் அகப்படாத தமிழ் வரிகள் நிறைய உண்டு.

கருவி தமிழை வரையாது என்று தெரிந்தால் அதை நேராகச் சொல்லிவிட்டு மாற்று வழியைக் காட்டுங்கள். லிப்ரேஆபிஸில் 120 வெற்றுப் பக்கங்கள் கொண்ட கோப்பை உருவாக்கி, பக்க அடியில் தமிழில் பக்க எண்ணைச் சேர்த்து, பின்னணி நிறம் எதுவும் தராமல் பிடிஎஃப் ஆக மாற்றி, பிடிஎஃப்டிகே கருவியின் பல பக்க முத்திரைக் கட்டளையால் மூலக் கோப்பின் மேல் அடுக்கிவிடலாம். தமிழை வடிவாக்கும் வேலை லிப்ரேஆபிஸில் முடிந்துவிடுவதால் எழுத்து சிதையாது. கியூபிடிஎஃபிலும் மேலடுக்கும் வசதி உண்டு; அடுக்கும் கோப்பின் எந்தப் பக்கங்களை எடுப்பது, எந்தப் பக்கங்களில் வைப்பது, தீர்ந்தபின் எவற்றைத் திரும்ப வைப்பது என்பதை அதில் தனித்தனியாகக் குறிப்பிடலாம். பைமுபிடிஎஃபைப் பயன்படுத்துபவர்கள் ஹெச்டிஎம்எல் வடிவில் உரையைப் பதிக்கும் செயற்கூறை நாடலாம், அது வடிவாக்கத்தைத் தானே செய்துகொள்கிறது.

செய்ய முடியாதவற்றையும் எழுதுதல்

1971 நவம்பரில் வெளிவந்த, யூனிக்ஸ் இயங்குதளத்துக்கான நிரலர் கையேட்டின் முதல் பதிப்பிலேயே கட்டளைகளின் விளக்கத்தில் 'பிழைகள்' என்ற பகுதி இடம்பெற்றிருந்தது. தாம் செய்த கருவி எங்கே தவறும் என்பதை அதைச் செய்தவர்களே பதிவு செய்த அந்த வழக்கம் மிகவும் மதிக்கத்தக்கது. உரை பதிக்கும் கருவிக்கு அத்தகைய பகுதி கட்டாயம் வேண்டும்.

அதில் முதலிடம் மின்னணுக் கையொப்பத்துக்கு. கையொப்பமிட்ட பிடிஎஃப் கோப்பில், கையொப்பம் கோப்பின் குறிப்பிட்ட பைட்டுகள் மீதான கணக்கீட்டை ஆதாரமாகக் கொண்டது. கருவி கோப்பை முழுவதுமாகத் திருப்பி எழுதினால் அந்தக் கையொப்பம் செல்லாததாகிவிடும். அரசு அலுவலகம் மின்னணுக் கையொப்பத்துடன் வழங்கிய சான்றிதழில் ஒரு கோப்பு எண்ணைப் பதிக்கப்போய், சான்றிதழின் நம்பகத்தன்மையையே இழந்துவிடும் அபாயம் இது. மூலக் கோப்பைத் தனியே பாதுகாத்துக்கொள்ளுமாறு எச்சரிக்கும் வரி, கட்டளைக்கு முன்னால் வர வேண்டும். கட்டளையை ஓட்டிய பிறகு படிக்கும் எச்சரிக்கையால் பயனில்லை. உள்ளீட்டுக் கோப்பின் பெயரையே வெளியீட்டுக்கும் கொடுத்தால் கருவி மேலெழுதுமா, மறுக்குமா என்பதையும் இதே இடத்தில் சொல்லலாம்.

அடுத்து, மறைத்தல் வேறு, நீக்குதல் வேறு. பழைய கைப்பேசி எண்ணின் மேல் கறுப்புக் கட்டத்தையோ புதிய எழுத்தையோ பதித்தால் கண்ணுக்கு அது மறையும், ஆனால் கோப்புக்குள் அப்படியே இருக்கும். யார் வேண்டுமானாலும் நகலெடுத்துப் படித்துவிடலாம். பதித்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்பதும் பயனர் கட்டாயம் கேட்கும் கேள்வி. சிபிடிஎஃப் தான் பதித்த உரைக்கு அடையாளம் இட்டு வைப்பதால் பின்னர் அதை நீக்க முடிகிறது. வேறு கருவி பதித்ததை அதனால் நீக்க முடியாது. இந்த வரம்பைச் சொல்லாமல் "உரையை நீக்கும்" என்று மட்டும் எழுதினால், பக்கத்திலுள்ள எல்லா எழுத்தையும் நீக்கும் என்று ஒருவர் புரிந்துகொள்வதில் தவறில்லை.

எடுத்துக்காட்டுகளைச் சோதித்தல்

கையேட்டிலுள்ள கட்டளைகளைப் பெரும்பாலோர் படிப்பதைவிட நகலெடுத்து ஒட்டுவதே அதிகம். ஆகவே ஒவ்வொரு கட்டளையையும் வெளியிடும் நாளில் ஒருமுறை உண்மையாகவே ஓட்டிப் பார்க்க வேண்டும். சொற்செயலியில் தட்டச்சு செய்த கட்டளையில் நேரான மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறிவிடுவதும், இரட்டைக் கோடு ஒற்றை நீள்கோடாக இணைந்துவிடுவதும் உண்டு. கண்ணுக்குச் சரியாகத் தெரியும், கருவி ஏற்காது. லினக்ஸ் கணினியில் ஒற்றை மேற்கோளுக்குள் இட்ட உரை விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் எதிர்பார்த்தபடி வேலை செய்யாது என்பதால், உரைக்கு இரட்டை மேற்கோளையே பயன்படுத்துவது புதியவர்களுக்குப் பாதுகாப்பானது.

சோதனைக்கு நான் வைத்திருக்கும் கோப்பில் ஆறு பக்கங்கள் உள்ளன. ஏ4 அளவில் சாதாரணப் பக்கம் ஒன்று, அகலவாக்கில் ஒன்று, 90 டிகிரி சுழற்சிக் குறிப்புடைய ஸ்கேன் பக்கம் ஒன்று, விளிம்புகள் வெட்டப்பட்ட பக்கம் ஒன்று, அமெரிக்க லெட்டர் அளவான 612 க்கு 792 பாயிண்டில் ஒன்று, அடிப்பகுதி முழுவதும் கறுப்பாக உள்ள ஒளிநகல் ஒன்று. கடைசிப் பக்கம் எதற்கு என்றால், கறுப்பு எழுத்து கறுப்பின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்பதைக் கையேட்டில் காட்டுவதற்கு. கருவியின் ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போதும் இந்தக் கோப்பைக் கொண்டு கையேட்டின் கட்டளைகளை முதலிலிருந்து ஓட்டுகிறேன். பக்கவாட்டில் விழும் எழுத்து எந்தப் பக்கத்தில் விழுகிறதோ, அந்தப் பக்கத்தின் படமே கையேட்டில் "எழுத்து பக்கவாட்டில் விழுந்தால்" என்ற தலைப்பின் கீழ் இடம்பெறுகிறது. அதன் அருகிலேயே, திருத்திய கட்டளையை ஓட்டிய பிறகு கிடைத்த பக்கத்தின் படமும் இருக்கிறது.